ஃப்ரீசருக்குள் போன தங்கம்

1

தங்கம் துருப்பிடிக்காது, கறுக்காது, எத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தாலும் எடுத்துத் துடைத்தால் தங்கம்தான் என்று நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தங்கத்தை நான் கெடுத்துவிட்டேன். பெரிய முயற்சி எதுவும் தேவைப்படவில்லை. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இருந்த பெட்டியை எடுத்து மேலே ஃப்ரீசரில், துருவிய தேங்காய்க்கும் நெத்திலிப் பொட்டலத்துக்கும் நடுவில் வைத்தேன். அவ்வளவுதான்.

பெட்டியின் மூடியில் 'உறைய வைக்காதீர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சிவப்பு மை, கொட்டை எழுத்து, கீழே அடிக்கோடு. எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. வீடு முழுக்கப் புத்தகம் வாங்கி அடைத்து, மனைவியின் துணிமணியை அலமாரியிலிருந்து கட்டிலுக்கடியில் குடியேற்றிய ஆள் நான். கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் வாசித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவேன். இதையும் வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் வைத்தேன்.

ஊரில் இருக்கிற நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என் மகள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

2

நடுத்தட்டு ஏன் தேவைப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆப்ப மாவுக்காக.

நான் உடன்குடியிலிருந்து பம்பாய்க்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஒரு மழைக்காலத்தில் வந்து இறங்கினேன். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு அறை. அந்த அறையைப் பிடித்து வைத்திருந்தவர் தங்கராஜ் அண்ணன். அம்பர்நாத்தில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். நம்ம பக்கத்துப் பையன் யார் வந்தாலும் "ஏல, பெட்டிய அங்கன வச்சிட்டுப் படு" என்று இடம் கொடுத்துவிடுவார். இடம் என்பது அவர் வாயில்தான் இருந்தது, அறையில் கிடையாது. பகல் ஷிஃப்ட் ஆட்கள் எழுந்துபோன பாயில் இரவு ஷிஃப்ட் ஆட்கள் படுப்போம். பாய் சூடு ஆறியதாக எனக்கு ஞாபகமே இல்லை. அடுத்த கட்டிடத்தில் தோல் கிட்டங்கி. உப்புப் போட்டு அடுக்கிய தோலின் வாடை எங்கள் சோற்றுக்குள் வந்து உட்காரும்.

அந்த அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டோம். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை பிடித்த பிறகு, யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். இதற்கு 'ரூம் நாள்' என்று பெயர். ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் கட்டாயம். இந்தத் தடவை செம்பூரில் எங்கள் வீட்டு முறை. சனிக்கிழமை மத்தியானம் கிரேஸ், அதாவது என் மனைவி, பெரிய தூக்கு நிறைய மாவு பொங்கி நிற்க, "என்னங்க, இத உள்ள வைக்க எடம் பண்ணுங்க" என்றாள். முப்பது வருஷத்தில் நான் அவளுக்குச் செய்த உருப்படியான உதவிகளில் இதுவும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்து எழுந்து போனேன்.

நடுத்தட்டில் மகளின் பெட்டி இருந்தது.

3

மகள் பெயர் ஜெனி. செம்பூரில் பிறந்தவள். தமிழ் பேசுவாள். வாசிப்பது, திருநெல்வேலி பஸ்களின் போர்டை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் அளவுக்கு. கட்டிட வாட்ச்மேனை ஹிந்தியில் 'ஆப்' என்று மரியாதையாக அழைக்கிறாள், என்னை 'நீ' என்கிறாள். நான் பதிலுக்கு ஹிந்தி பேசினால், பஸ்ஸை ஆணாகவும் ரயிலையும் ஆணாகவும் ஆக்கிவிட்டேன் என்று கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். இந்தக் குறிப்புகளை அவள் வாசிக்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்தாள். என்ன வேலை என்று ஊரில் கேட்கிறவர்களிடம் "தங்கத்தில் வேலை" என்று சொல்லிவைத்தேன். "நகைக்கடையிலயா?" என்றார்கள். நானும் முழுசாகப் புரிந்துகொண்டவன் இல்லை என்பதால் மறுக்கவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவளே உட்கார வைத்துச் சொன்னாள்.

தங்க உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, எலுமிச்சையில் இருக்கிற அமிலத்தின் உப்பைக் கொஞ்சம் சேர்த்தால், வெளிர் மஞ்சளாக இருந்தது நிறமே இல்லாமல் போய், கறுத்து, பிறகு திராட்சை ரசம் மாதிரிச் சிவந்துவிடுமாம். அந்தச் சிவப்பு முழுக்கத் தங்கப் பொடி. கண்ணுக்குத் தெரியாத பொடி. ஒவ்வொரு துகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும்வரை சிவப்பு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஊதா, அப்புறம் நீலம். கடைசியில் அடியில் கறுப்பாகப் படிந்துவிடும்.

"இதுல கொலாஜன் போடறேன் அப்பா. பாயா மறுநாள் ஃப்ரிட்ஜ்ல அல்வா மாதிரி ஆடும்ல, அது கொலாஜன் வெந்து செத்த ரூபம். நான் போடறது வேகாதது. நீளமா, கயிறு மாதிரி. தோல்ல, எலும்புல, உன் முட்டில, எல்லாத்துலயும் அதான்."

"என் முட்டியில இல்ல. அது தீர்ந்து போச்சு."

"கேளு. கொலாஜன் கொஞ்சமா போட்டா, ஒரே கயித்த நாலு தங்கம் புடிச்சுக்கும். கூட்டமாயிடும். கலர் மாறிடும். நெறைய போட்டா ஒவ்வொரு தங்கத்தையும் கொலாஜன் முழுசா சுத்திக்கும். அப்போ ஒண்ண ஒண்ணு தொடவே முடியாது. மறுபடி சிவப்பாவே நிக்கும்."

நான் வாயைப் பிளந்தது தங்கத்துக்காக இல்லை. அவள் தாராவி அறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ ஊரிலிருந்து ஒரு டப்பா கருப்பட்டி கொண்டுவந்தால் அறையே அதைச் சுற்றிக் கூடிவிடும். ஒரு கடிதம் வந்தால் எல்லோரும் வாசிப்போம், யாருக்கு வந்தது என்பது கடைசியில்தான் தெரியும். ஊர் கொஞ்சமாகக் கிடைத்த காலம் அது. இப்போது மாட்டுங்காவில் போய் நின்றால் வாழைப்பூ கிடைக்கிறது, கிடாரங்காய் கிடைக்கிறது, டிவியில் இருபத்துநாலு மணி நேரமும் தமிழ் ஓடுகிறது. ஊர் நிறையக் கிடைக்கிறது. எங்கள் மாடியில் மட்டும் மூன்று தமிழ்க் குடும்பங்கள். ஒவ்வொரு வீட்டையும் அவரவர் ஊர் முழுசாகச் சுற்றிக்கொண்டுவிட்டது. ஒருவர் கதவை ஒருவர் தட்டுவதில்லை.

இதையெல்லாம் உருக்கமாகச் சொன்னேன். ஜெனி கேட்டுவிட்டு, "அப்பா, இது கெமிஸ்ட்ரி. உன் ஆட்டோபயாக்ரஃபி இல்ல" என்று எழுந்து போனாள்.

4

அந்தத் தங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தது ஆராய்ச்சிக்கூடத்தின் குளிர்ப்பெட்டி பழுதானதால். பழுதுபார்க்க ஆள் வர வேண்டும் என்றால் மேலிடத்தில் அனுமதி வேண்டும், அனுமதிக்கு மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும், விலை கேட்க இன்னொரு அனுமதி வேண்டும். மற்றப் பெட்டிகள் நிரம்பிவிட்டன. வாரக்கணக்காக ஒரே குளிரில் நிற்க வேண்டிய கலவைகள் வெளியே கிடந்து சூடேறிக்கொண்டிருந்தன. வழிகாட்டியான பேராசிரியையிடம் கேட்டு, கேட் பாஸ் போட்டு, ஜெனி தன்னுடையதை வீட்டுக்குக் கொண்டுவரக் கிளம்பினாள்.

வாசல் செக்யூரிட்டி கேட் பாஸில் 'தங்கம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். "ஸோனா கிதர் ஹை?" தங்கம் எங்கே என்று கேட்டார். பெட்டியைத் திறந்து காட்டினாள். வரிசையாகச் சின்னக் குப்பிகள். சிவப்பு, ஊதா, நீலம், மறுபடி சிவப்பு. அவர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மேடம், யே தோ ஷர்பத் ஹை" என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். தங்கம் என்று எழுதிய பாஸில் ஷர்பத்தை அனுப்ப முடியாது என்று தகராறு செய்து, கடைசியில் 'சிவப்புத் தண்ணீர், பாட்டில்' என்று மாற்றி எழுதி வெளியே விட்டார்.

பெட்டிக்குள் பெட்டி வைத்து, வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று சொல்லி நடுத்தட்டில் வைத்தாள். கிரேஸுக்குத்தான் பயம். "வெசமா இருக்காதே?"

"இல்லம்மா. தங்கம்."

"தங்கம்னா எனக்குல்லா தந்திருக்கணும்."

5

இனி ஃப்ரீசரைப் பற்றி. வெளியூரில் வீடு போட்ட நம்மவர்களின் ஃப்ரீசரைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஐஸ்கிரீம் இருக்காது. ஊர் இருக்கும்.

எங்களுடையதில் திறந்ததும் முன்னால் துருவிய தேங்காய். அதற்குப் பின்னால் முருங்கைக்கீரை, உருவிக் கழுவி மடித்தது. மணத்தக்காளி. புட்டு மாவு. வருஷத்துக்கு ஒருமுறை ரயிலில் கொண்டுவந்ததை அடுத்த ரயில்வரை நீட்டுவதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி உறைய வைப்பது. எது கெடக்கூடாதோ அது மேலே போகும். கிரேஸுக்கும் எனக்கும் பல விஷயங்களில் ஒத்துப்போகாது. இதில் ஒத்துப்போகும்.

அங்கே அடிமட்டத்தில், இடது மூலையில், ஒரு பொட்டலம் இருக்கிறது. எஸ்தர் அக்கா அரைத்துக் கொடுத்த மீன் குழம்பு மசாலா. என்னைவிட மூத்தவள், உடன்குடியில் எங்கள் வீட்டில் கடைசியாக விளக்குப் போட்ட ஆள். நான் ஊருக்குப் போய்த் திரும்பும் அன்று காலையில் வறுப்பாள். சூடு ஆறுவதற்குள் அரைத்து, பையில் போட்டு நூலால் சுற்றி, "கைபடாம எடுத்துப் போடச் சொல்லு" என்று என்னிடம், அங்கே இல்லாத கிரேஸுக்குச் சொல்வாள். கம்பார்ட்மெண்ட்டில் ஏறி உட்கார்ந்தால் சட்டை முழுக்க மல்லியும் மிளகாயும் மணக்கும். புனே வரை பக்கத்து சீட்காரர்கள் தும்முவார்கள்.

அக்கா போய்ச்சேர்ந்த பிறகு ஊருக்கு டிக்கெட் எடுப்பது நின்றுவிட்டது. யாரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போனால் சாவியை யாரிடம் வாங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கடைசிப் பொட்டலத்தைப் பிரிக்க நான் விடவில்லை. எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் அது. கிரேஸ் ஒருமுறை அதன்மேல் பச்சை மிளகாயை வைத்துவிட்டாள் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். மிளகாயோடு இல்லை, கிரேஸோடு.

ஜெனியின் பெட்டியை நான் வைத்தது அந்தப் பொட்டலத்தின் மேல்.

மூடியில் எழுதியிருந்ததை வாசித்தேன் என்றேன் அல்லவா. பம்பாயில் எச்சில் துப்பாதீர்கள் என்று எழுதியிருக்கும், தொங்கிக்கொண்டு பயணிக்காதீர்கள் என்று எழுதியிருக்கும். ஒரு ராத்திரிதானே, ரூம் நாள் முடிந்ததும் கீழே இறக்கிவிடலாம், அதுவரை பத்திரமான இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். மறுநாள் பாயா மும்முரத்தில் மறந்தேபோனேன்.

6

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெனிக்கு வெளிநாட்டில், மழையைவிடப் பனி அதிகம் பெய்கிற ஒரு ஊரில், அடுத்த படிக்கு இடம் கிடைத்திருந்தது. ஆய்வேட்டைக் குறித்த காலத்தில் முடித்துக் கொடுத்தால்தான் இடம். அந்தக் குப்பிகளின் கடைசி அளவுகள்தான் பாக்கி.

அவள் போவதில் எனக்கு இஷ்டமில்லை. இஷ்டமில்லை என்று நான் நேராகச் சொல்லவில்லை. "புனேயில இல்லாத லேபா?" என்று கேட்டேன். "அங்க வெயிலே கிடையாதாமே" என்றேன். சாப்பிடும்போது, செருப்பு மாட்டும்போது, குழாய் ரிப்பேர்காரன் முன்னால் என்று இடம் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் உடன்குடியிலிருந்து கிளம்பிய அன்று அப்பா இதையெல்லாம் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பெட்டியைத் தூக்கி மேலே போட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், விருந்தாளிகள் போன பிறகு, ஜெனி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். பெட்டி ஃப்ரீசரில் இருப்பதை நான்தான் சொன்னேன்.

குப்பிகள் ஐஸாக இருந்தன. அவள் அவற்றை மேஜையில் வரிசையாக வைத்து, உட்கார்ந்து, உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் குப்பி உருகியபோது அதில் சிவப்பு இல்லை. தெளிந்த தண்ணீர், அடியில் கறுப்பாக ஒரு சிட்டிகை. ஐஸ் இறுகும்போது தங்கத் துகள்களை ஒரு மூலைக்குத் தள்ளி நெருக்கிவிடுமாம். ஒருமுறை ஒட்டினால் ஒட்டியதுதான். எவ்வளவு குலுக்கினாலும் பழையபடி பிரியாது.

"எழுதியிருந்துச்சுல அப்பா?"

"எழுதியிருந்துச்சு."

"நீ எல்லாத்தையும் படிப்ப. பாத்ரூம்ல ஷாம்பூ பாட்டில் பின்னாடி இருக்கறதைக்கூடப் படிப்ப. இத படிக்கலையா?"

"படிச்சேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஹிந்தியில் கேட்டாள். கடினமான விஷயங்களை அவள் ஹிந்தியில்தான் கேட்பாள். "ஜான்பூஜ்கே கியா?" வேண்டுமென்றே செய்தாயா.

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ புத்தகம் வாசித்தவனுக்கு, 'இல்லை'க்கும் 'தெரியவில்லை'க்கும் நடுவில் எங்கேயோ வார்த்தை சிக்கிக்கொண்டது. அந்த இடைவெளியை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். குப்பிகளைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்து, மேஜையிலேயே விட்டுவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கிரேஸ் குழாயை மூடிவிட்டு வந்தாள். சாத்திய கதவைப் பார்த்துப் பேசினாள்.

"ஏட்டி ஜெனி, பெட்டி எங்க இருந்துச்சுன்னு பாத்தியா? ஒங்கத்தை பொட்டலத்துக்கு மேல. அதுமேல நான் ஒரு மொளகா வச்சதுக்கு இந்த மனுசன் என்ன பாடு படுத்துனாவன்னு ஒனக்குத் தெரியும். கெடுக்கணும்னு நெனச்சா அங்க வைப்பாவளா?"

கிரேஸ் திரும்பப் போய்க் குழாயைத் திறந்தாள். கொஞ்சம் கழித்துக் கதவு திறந்தது. ஜெனி நேராகப் போய் ஃப்ரீசரைத் திறந்து, அடியில் இடது மூலையில் கையை விட்டாள். பொட்டலத்தில் பெட்டியின் அடிப்பாகம் சதுரமாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"து பீ நா, அப்பா" என்றாள். நீயும் இருக்கிறாயே என்று அர்த்தம். கோபம் போகவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

பெட்டியைத் திறந்தாள். மற்றக் குப்பிகளும் உருகியிருந்தன. கொலாஜன் இல்லாததும் கொஞ்சமாக இருந்ததும் செத்துப்போயிருந்தன. வரிசையின் கடைசியில், நிறையக் கொலாஜன் போட்டவை மட்டும் பழையபடி சிவப்பாக நின்றன.

7

திங்கட்கிழமை செக்யூரிட்டி அவளை உள்ளே விடவில்லை. வெளியே போனது சிவப்புத் தண்ணீர், திரும்பி வருவது பாதி கறுப்புத் தண்ணீர், இது வேறு சரக்கு என்றாராம். என் வாழ்நாளில் நான் சந்தித்த ஒரே நேர்மையான விஞ்ஞானப் பார்வை அது என்று ஜெனியிடம் சொன்னேன். முறைத்தாள்.

கெட்டதையெல்லாம் முதலிலிருந்து போட்டாள். தங்கம் செய்ய ஒரு காலைப்பொழுது போதும். அது கொலாஜனோடு பழகி நிற்பதற்குத்தான் வாரங்கள் ஆயின. அந்த வாரங்கள் முழுக்க அவள் வீட்டுக்கு வந்ததே அரிது. பேராசிரியை யார் யாருக்கோ எழுதி அவளுக்குக் கொஞ்சம் தவணை வாங்கிக் கொடுத்தார். இடம் தப்பியது.

சிவப்பாகவே திரும்பி வந்த குப்பிகளைப் பற்றி எனக்குள் ஒரு பெருமை வளர்ந்தது. என் தவறால் ஒரு கண்டுபிடிப்பு. ஆய்வேட்டில் ஒரு நன்றி வரியாவது வரும் என்று எதிர்பார்த்து நாசூக்காகக் கேட்டேன்.

"மேம்கிட்ட சொன்னேன் அப்பா. புரோட்டீன் சுத்தியிருந்தா தாங்கும்னு எல்லாருக்கும் தெரியுமாம்."

8

கிளம்புவதற்கு முந்தின நாள் அவளே கேட்டாள். "அத்தை மசாலால மீன் குழம்பு வை."

கிரேஸ் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஃப்ரீஸ் பண்ணா எல்லாம் அப்படியே இருக்கும்னு இல்ல அப்பா. சிலது இருக்கும், சிலது இருக்காது. தெறந்தாதான் தெரியும்."

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நூலை அறுக்க மனமில்லாமல் முடிச்சை நகத்தால் அவிழ்த்துக்கொண்டிருந்தேன், புளி கரைத்து முடியும்வரை. கைபடாமல் ஸ்பூனால் போட்டாள் கிரேஸ். குழம்பு கொதித்தது. நான் அடுப்படி வாசலில் நின்று மூச்சை இழுத்தேன். யாரும் தும்மவில்லை.

சாப்பிட்டோம். நல்ல சிவப்பாக இருந்தது. ஜெனி இரண்டாம் தடவை வாங்கி ஊற்றிக்கொண்டாள். "அத்தை டேஸ்ட்" என்றாள், தட்டைப் பார்த்தபடி. கிரேஸ் "ஆமா" என்றாள். நானும் ஆமா என்றேன். எங்கள் குடும்பத்தில் மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

விமான நிலையத்தில் அவள் பெட்டியை வண்டியில் தூக்கி வைத்தேன். தூக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தங்கராஜ் அண்ணன் அம்பர்நாத்திலிருந்து லோக்கலைப் பிடித்து வந்தார். பிள்ளையை அனுப்பிவிட்டு நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்க வந்ததாகச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் ஒரு ஜோலி என்றார். மிச்சக் குழம்பைச் சூடாக்கிப் போட்டோம். தலை நிமிராமல் சாப்பிட்டு, தட்டை வழித்து, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மீனு நல்ல மீனுடே" என்றார். "மசாலாதான் மணமே இல்ல. இனிமே கடையில வாங்காத, நான் ஊருக்குப் போயிட்டு வாரப்ப கொண்டாரேன்."